சொந்த வீட்டுக்கு ஒரு சாவி

லாக்கர் சார் ஒரு சபதம் எடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு எடுத்த சபதம். சபதம் எடுக்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு உட்கார வேறு இடம் இல்லை. வீடு பூட்டியிருந்தது, சாவி அவரிடம் இல்லை.

"இன்னும் ஒரு வாரத்துல என் வீட்டுச் சாவி என் பாக்கெட்டுல இருக்கும். இல்லேன்னா நான்..."

இல்லையென்றால் என்ன செய்வது என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே சபதத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த மனிதர் யார் தெரியுமா? வங்கியில் லாக்கர் பிரிவைக் கட்டி ஆள்பவர். நானூற்றுப் பன்னிரண்டு லாக்கர். ஊரில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, இவர் எழுந்து வந்து தன் சாவியைப் போட்டு ஒரு திருப்பு திருப்பினால்தான் அவர்கள் லாக்கர் திறக்கும். சாவியின் பல்லைப் பார்த்தே எந்த லாக்கர் என்று சொல்லிவிடுவார். அதனால்தான் அடுக்குமாடியில் பத்து வீட்டுக்காரர்களும் இவரை லாக்கர் சார் என்று கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்குச் சொந்த வீட்டுச் சாவி கிடையாது. நான்கு வருஷமாகக் கிடையாது.

காரணம் இல்லாமல் இல்லை. முதல் சாவியைப் பஸ்ஸில் விட்டார். போகட்டும், யாருக்கும் நடக்கக்கூடியதுதான். இரண்டாவது சாவி லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் விழுந்தது. விரல் அகல இடுக்கு அது. குறி பார்த்துப் போட்டால்கூட உள்ளே போகாது. இவர் கைநழுவவிட்டது மட்டும் நேராகப் போனது. மூன்றாவது சாவி தொலையவில்லை. கதவிலேயே, வெளிப்பக்கமாக, காலையிலிருந்து சாயங்காலம் வரை தொங்கிக்கொண்டிருந்தது. பால்காரர், கூரியர்காரர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவர் எல்லாரும் அதைப் பார்த்து, பாவம் என்று போயிருக்கிறார்கள்.

அன்றைக்கு அவர் மனைவி பூட்டையே மாற்றினாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். ஒரு நாளைக்கு இருநூறு குழாயில் பேர் எழுதி ஒட்டுவாள். இருபது வருஷத்தில் ஒரு சீட்டுகூட மாறியதில்லை. அப்படிப்பட்டவள் தீர்ப்புச் சொன்னாள்.

"இனிமே உங்களுக்குச் சாவி கிடையாது. வாசல்ல மணி இருக்கு. அடிங்க."

மேல்முறையீடு கிடையாது. புதுப் பூட்டுக்கு மூன்று சாவி வந்தது. ஒன்று மனைவியிடம். இன்னொன்று கீழ்வீட்டு வயலின் டீச்சரிடம். மூன்றாவதாவது நமக்கு வரும் என்று லாக்கர் சார் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அது பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் போயிற்று.

இதில் இருக்கும் அவமானத்தை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மனைவியும் வயலின் டீச்சரும் சாயங்காலம் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டால், இவர் படியில் உட்கார வேண்டும். ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் "என்ன லாக்கர் சார், வெளியிலயா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அரை மணி கழித்துப் பாத்திரம் தேய்க்கும் அம்மா வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, "வாங்க சார், உள்ள வாங்க. கூச்சப்படாம உக்காருங்க" என்பாள்.

ஒரு தடவை அவளிடமே கேட்டுப் பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் அந்தச் சாவியைக் குடேன்மா."

"அக்கா சொன்னா தரேன் சார்."

"நான் சொல்றேனே!"

"அதான் சார், அக்கா சொன்னா தரேன்."

இப்படி இருக்கும்போதுதான் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுக்குமாடிச் சங்கத்துக்கு லாக்கர் சார்தான் செயலாளர். போன வருஷக் கூட்டத்தில் "யாரு செயலாளரா இருக்கீங்க?" என்று கேட்டபோது எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் மட்டும் கொட்டாவி விடுவதற்குக் கையைத் தூக்கினார். அன்றிலிருந்து செயலாளர்.

சுற்றறிக்கை சுருக்கமாக இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தில் புகை வந்தபோது, வண்டி சீக்கிரமே வந்தும், படிக்கட்டுக் கம்பிக்கதவு பூட்டியிருந்ததால் உடைத்து உள்ளே போக வேண்டியிருந்தது. ஆகவே இனிமேல் ஒவ்வொரு கட்டடத்திலும் வாசல் சுவரில் ஓர் இரும்புச் சாவிப் பெட்டி பதிக்க வேண்டும். வெளிக்கதவு, படிக்கட்டுக் கதவு, மொட்டை மாடி, மின் மீட்டர் அறை, லிஃப்ட் அறை, பம்ப் அறை, இவற்றின் சாவிகள் அதற்குள் இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும் சாவி தீயணைப்பு நிலையத்திடம் மட்டும்தான் இருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்து சரிபார்த்துப் பூட்டுவார்.

வேறு யாராவது இதைப் படித்திருந்தால் நெருப்பை நினைத்திருப்பார்கள். லாக்கர் சார் சாவியை நினைத்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வங்கிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சங்கத்துக்கு ஓர் அறிவிப்பு அடித்தார். நிலையம் கேட்டிருந்த ஆறு சாவியையும் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தார்.

'மேலும், ஒவ்வொரு வீட்டின் வாசல் சாவி ஒன்றும் வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் கட்டாயம் ஒப்படைக்கப்பட வேண்டும்.'

கட்டாயம் என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டார். திட்டம் எளிது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லார் சாவியும் கைக்கு வரும். அதில் தன் வீட்டுச் சாவியும் இருக்கும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் சாவி வெட்டுபவரிடம் ஓடினால் பத்து நிமிஷ வேலை. சனிக்கிழமை அசல் சாவி பெட்டிக்குள் போய்விடும். நகல் இவர் பாக்கெட்டுக்குள் போய்விடும். யாருக்குத் தெரியப்போகிறது?

அறிவிப்பை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்கிலும் ஒன்று போட்டுவிட்டு, மேலே வந்து மணியை அடித்தார். மனைவி கதவைத் திறந்தாள். அவள் கையிலும் ஒரு அறிவிப்பு இருந்தது. அவரே கதவிடுக்கில் போட்டதுதான்.

"ஏங்க, வீட்டுச் சாவி எல்லாம் கேட்டிருக்காங்களா?"

"கேட்டிருக்காங்க."

"அவங்களா?"

"பின்ன நானா? தீயணைப்பு நிலையம்மா! சட்டம்! நெருப்புன்னா விளையாட்டா?"

"நம்ம வீட்டுச் சாவியுமா?"

"செயலாளர் வீட்டுச் சாவியே இல்லேன்னா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? நான்தானே முன்மாதிரியா இருக்கணும்?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பெரிய சண்டைக்கு அவர் தயாராக இருந்தார். நெருப்பு பற்றி எட்டு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"சரி," என்றாள் அவள்.

மனப்பாடம் செய்த எட்டும் வீணாயிற்று. இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. ஆனாலும் ஜெயித்தவனுக்குச் சந்தேகம் எதற்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காபி கேட்டுக் குடித்தார்.

புதன்கிழமையிலிருந்து சாவிகள் வரத் தொடங்கின. வந்தவை எதுவும் செயலாளரிடம் வரவில்லை.

முதலில் முதல் மாடி பல் டாக்டர் வந்தார். லாக்கர் சார் சோபாவிலிருந்து எழுந்து, மிடுக்காகக் கையை நீட்டினார். பல் டாக்டர் அந்தக் கையைக் குலுக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா இருக்காங்களா சார்?"

"என்கிட்டயே குடுக்கலாம் டாக்டர்."

"இருக்கட்டும் சார், நான் வெயிட் பண்றேன்."

அடுத்து வயலின் டீச்சர் வந்தாள். அவள் ஒளிவு மறைவு தெரியாதவள்.

"சார்கிட்ட குடுத்தா லிஃப்டுக்கு அடியிலதான் தேடணும். எங்க உங்க வீட்டம்மா?"

தரைத்தளத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்தபோது கையில் சாவியும் இருந்தது, அறிவிப்பும் இருந்தது. அறிவிப்பில் சிவப்பு மையால் நான்கு இடத்தில் திருத்தியிருந்தார். திருத்தியதை லாக்கர் சாரிடம் கொடுத்தார். சாவியை மனைவியிடம் கொடுத்தார். மனைவி ஒவ்வொரு சாவியையும் ஒரு சின்ன உறையில் போட்டு, ஒட்டி, மேலே யார் வீடு என்று முத்து முத்தாக எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாள். சங்கத்தின் ஆறு பொதுச் சாவிகளும், செயலாளர் கைக்குப் போனால் தொலையும் என்று, ஏற்கெனவே அவளிடம்தான் இருந்தன.

"செயலாளர் நானா, நீயா?" என்று லாக்கர் சார் கேட்டுவிட்டார்.

"நீங்கதாங்க. யாரு இல்லேன்னு சொன்னா? நான் சும்மா உறை ஒட்டறேன்."

வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, வழியில் ஒரு வேலை என்றாள். லாக்கர் சார் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கவலை எல்லாம் டப்பா மேல் இருந்தது. ஒன்பது உறை இருந்தது, பத்தாவதைக் காணோம்.

"நம்ம வீட்டுச் சாவி?"

"நாளைக்குப் போடறேன்."

"நாளைக்குத்தான் கடைசி நாள்."

"அடடா, எவ்வளவு பொறுப்பு!" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாக்கர் சார் வீட்டுக்கு வந்தபோது டப்பா கூடத்து மேசையில் இருந்தது. மூடி சரியாகக்கூட மூடவில்லை. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் டீச்சர் வீட்டுக்குப் போயிட்டு வரேன். எல்லா உறையும் டப்பாவுல இருக்கு. நீங்க ஒண்ணையும் தொடாதீங்க. தொட்டா தொலைஞ்சிடும்."

"நான் எதுக்குத் தொடறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

அவள் படியிறங்கும் சத்தம் நின்றதுதான் தாமதம். லாக்கர் சார் மேசை மேல் பாய்ந்தார். பல் டாக்டர், ஹெட்மாஸ்டர், வயலின் டீச்சர் எல்லாரையும் தள்ளிவிட்டு அடியில் தேடினார். இருந்தது. அவள் கையெழுத்தில், முத்து முத்தாக, 'நம்ம வீடு'. உறையைப் பிரித்தார். பளபளவென்று ஒரு பித்தளைச் சாவி உள்ளங்கையில் விழுந்தது. நான்கு வருஷம் கழித்துச் சொந்த வீட்டுச் சாவியைத் தொடுகிறார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாருடைய சாவியாக இருந்தாலும் பல்லைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். இந்தச் சாவியை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. பெண் பார்க்கப் போனவன் போல முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஓடினார். சாத்தினால் கதவு தானே பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்ளட்டுமே, சாவிதான் கையில் இருக்கிறதே!

சாவி வெட்டுபவர் ஒரு பெரிய குடைக்கு அடியில் மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம், சீக்கிரம். இதே மாதிரி ஒண்ணு."

"எந்தக் கதவுக்கு சார்?"

"என் வீட்டுக் கதவுக்கு."

"சொந்த வீட்டுக்கா? அதுக்கு ஏன் சார் இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"அப்போ கேள்வி கேக்காம வெட்டுங்க."

அவர் சாவியை மெஷினில் மாட்டினார். மெஷின் கிர்ரென்று ஓடியது. இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு லாக்கர் சார் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். புதுச் சாவியைப் போட்டுத் தானே கதவைத் திறக்கும் அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டே போனவருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மனைவி வந்துவிட்டாள்.

"எங்க போனீங்க?"

"காத்து வாங்க."

"காத்து வாங்கப் போனவருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மேல காத்து கம்மி."

அவள் உலர்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போன நேரம் பார்த்து, அசல் சாவியை உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, டப்பாவில் வைத்தார். நகலை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்தார். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அதை எடுத்து ரசித்தார். மேடு, பள்ளம், மேடு, மேடு, பள்ளம். மனப்பாடம் செய்துவிட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கும்போது, முதல் தடவையாகக் கதவைத் திறப்பது என்று நாளும் குறித்துவிட்டார். படியில் போகிறவர்கள் கேட்பார்கள், "என்ன லாக்கர் சார், வெளியிலயா?" இவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொல்வார், "இல்லையே, உள்ள போயிட்டிருக்கேனே!" அந்தப் பதிலை நினைத்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்.

சனிக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ஓர் அம்மாள். உயரம், கம்பீரம், சட்டையில் நட்சத்திரம். பின்னால் கருவிப் பையோடு ஒரு தீயணைப்பு வீரர். வாசல் சுவரில் இரும்புப் பெட்டியை முன்தினமே கொத்தனார் பதித்துவிட்டுப் போயிருந்தார். பத்து வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். லாக்கர் சார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். மனைவி டப்பாவோடு பக்கத்தில் நின்றாள்.

அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. நெருப்புன்னு போன் வந்தா நாங்க ஏழு நிமிஷத்துல இங்க இருப்போம். கதவை உடைக்க மட்டும் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் யாரு உயிர்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் இந்தப் பெட்டி. குடுங்க சாவியை."

டப்பாவைத் திறந்தார். புருவம் உயர்ந்தது.

"என்ன இது, பல் டாக்டர் வீடு, ஹெட்மாஸ்டர் வீடுன்னு... வீட்டுச் சாவி எல்லாம் எதுக்கு? நாங்க கேக்கவே இல்லையே?"

பத்து வீட்டுத் தலையும் லாக்கர் சார் பக்கம் திரும்பியது. அவருக்குக் காதில் வியர்த்தது. காதில்கூட வியர்க்கும் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் அந்த இடுக்கில் தானும் போய் விழுந்துவிட்டால் தேவலை என்று தோன்றியது.

"அது ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் மனைவி. "என் வீட்டுக்காரர் டைப் அடிக்கும்போது ஒரு வரி கூடுதலா விழுந்துடுச்சு. வேண்டாங்கறவங்க திருப்பி எடுத்துக்கட்டும்."

வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே உறைகளை எடுத்துக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் மட்டும் கையை நீட்டவில்லை.

"என்னோடது உள்ளயே இருக்கட்டும்மா. நான் தனி ஆள். உள்ள விழுந்து கிடந்தா கதவைத் திறக்க யாரு இருக்கா? இது நல்ல ஏற்பாடுதான்."

அதிகாரி அவரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அந்த உறையைத் தானே வாங்கிப் பெட்டிக்குள் மாட்டினார். லாக்கர் சாருக்கு ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. மறு நிமிஷம், பார்த்தீர்களா, என் கூடுதல் வரியால் ஒருவருக்கு நன்மை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அதுதான் லாக்கர் சார்.

பிறகு அதிகாரி பொதுச் சாவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளிக்கதவு. திறந்தது. படிக்கட்டுக் கதவு. திறந்தது. மொட்டை மாடிக்கும் மீட்டர் அறைக்கும் லிஃப்ட் அறைக்கும் தீயணைப்பு வீரர் ஓடிப் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தார். கடைசியாக எல்லாரும் பின்பக்கம் நடந்து பம்ப் அறைக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"பம்ப் ரூம் சாவி?"

மனைவி ஒரு பித்தளைச் சாவியை எடுத்து நீட்டினாள். உறை இல்லை, வெறும் சாவிதான். லாக்கர் சார் அதைப் பார்த்தார். மேடு, பள்ளம், மேடு, மேடு, பள்ளம்.

"ஐயோ! அது நம்ம வீட்டுச் சாவி!" என்று கத்திவிட்டார்.

மனைவி நிதானமாகத் திரும்பினாள்.

"நம்ம வீட்டுச் சாவியா? அது எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நாலு வருஷமா நீங்க அதைப் பாத்ததே இல்லையே?"

லாக்கர் சார் மூக்குக் கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். வயலின் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி இதைக் கவனிக்காமல் சாவியைப் போட்டுத் திருப்பினார். பம்ப் அறை திறந்தது.

"சரி. இது பெட்டிக்குள்ள போகுது. இதுக்கு இன்னொரு சாவி இங்க ஒருத்தர்கிட்ட இருக்கணும். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குப் பம்பைப் பத்து நிமிஷம் ஓட்டி, அழுத்தம் சரியா இருக்கான்னு பாத்து, நோட்டுல கையெழுத்துப் போடணும். ஓடாம கிடந்தா நெருப்பு அன்னிக்குக் காலை வாரிடும். யாரு பொறுப்பு எடுத்துக்கறீங்க?"

பத்து வீட்டுக்காரர்களும் குனிந்தார்கள். லாக்கர் சாரும் இந்தத் தடவை உஷாராகக் குனிந்தார். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கொட்டாவி வந்தாலும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"என் வீட்டுக்காரர்தான் மேடம்," என்றாள் மனைவி. "பொறுப்புன்னா அப்படியொரு பொறுப்பு. நேத்தே சொந்தமாப் போய்ச் சாவி வெட்டிட்டு வந்துட்டார்."

"அப்படியா! எங்க, காட்டுங்க சார்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாக்கர் சார் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அதைப் பூட்டில் போட்டார். ஒரே திருப்பு. பூட்டு மகராசியாகத் திறந்தது.

"பிரமாதமா வெட்டியிருக்கு!" என்றார் அதிகாரி. "இந்த ரெண்டாவது சாவிக்காக நாங்க ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூணு தடவை நடக்கறோம் சார். கேக்கறதுக்கு முன்னாடியே வெட்டி, மூக்குக் கண்ணாடிக் கூட்டுல பத்திரமா வெச்சிருக்கற செயலாளரை இன்னிக்குத்தான் பாக்கறேன். எல்லாரும் கைதட்டுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் விசில்கூட அடித்தார். பொறுப்பாளர் என்று போட்டிருந்த இடத்தில் லாக்கர் சார் கையெழுத்துப் போட்டார். அதிகாரி இரும்புப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சல்யூட் அடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இருவரும் மாடி ஏறினார்கள். மனைவி தன் சாவியால் கதவைத் திறந்தாள். லாக்கர் சார் உள்ளே போய் சோபாவில் தொப்பென்று விழுந்தார்.

"எப்போ கண்டுபிடிச்சே?"

"செவ்வாய்க்கிழமையே. கட்டாயத்துக்குக் கீழ கோடு போட்டிருந்தீங்களே. நிலையம் கேட்ட ஆறு சாவிக்கு இல்லாத கோடு வீட்டுச் சாவிக்கு மட்டும் எதுக்கு? இருந்தாலும் சந்தேகம் வேண்டாம்னு வியாழக்கிழமை நிலையத்துக்கே போய்க் கேட்டேன். அந்த மேடம்தான் பம்ப் ரூமுக்கு ரெண்டு சாவி வேணும்னு சொன்னாங்க."

"அப்போ நம்ம வீடுன்னு எழுதினது..."

"நான்தான்."

"இருபது வருஷத்துல ஒரு சீட்டு மாறினதில்லைன்னு பெருமை பேசுவியே!"

"அது வேலையில. இது வீட்ல."

லாக்கர் சாருக்கு நிஜமாகவே குரல் தழுதழுத்தது.

"எனக்கு வேற என்ன ஆசை இருக்கு சொல்லு? ஊர்ல இருக்கறவன் லாக்கரை எல்லாம் நான் திறந்து விடறேன். என் வீட்டு வாசல்ல நின்னு, நானே பூட்டைத் திறந்து, நானே உள்ள வரணும். அவ்வளவுதானே கேட்டேன்?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கேக்கலையே. திருடித்தானே பாத்தீங்க? சரி விடுங்க. அந்தப் பம்ப் ரூம் சாவியை ஒரு வருஷம் தொலைக்காம வெச்சிருங்க. அப்புறம் வீட்டுச் சாவியைப் பத்திப் பேசலாம்."

"ஒரு வருஷமா? அம்பத்திரண்டு ஞாயித்துக்கிழமை! காலைல ஆறு மணி!"

"ஆமாங்க. அலாரம் வெச்சுட்டேன்."

லாக்கர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் அவரை விடவில்லை.

"அது போகட்டும். ரெண்டாவது சாவி வேணும்னா, 'என்னங்க, இதைக் கொஞ்சம் வெட்டிட்டு வாங்க'ன்னு நேராவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே? எதுக்கு இந்த டப்பா, உறை, டீச்சர் வீடு எல்லாம்?"

"வெட்டிட்டு வாங்கன்னு சொன்னா பத்து நாள் ஆக்குவீங்க," என்றாள் மனைவி, எழுந்து சமையலறைக்குப் போய்க்கொண்டே. "தொடாதீங்கன்னு சொன்னேன், பதினெட்டே நிமிஷத்துல வந்துடுச்சு."